பக்கவாதத்திற்குப் பின் கையில் அணியும் கருவிகள்: முதலில் பார்க்க வேண்டியது கையைத்தான்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தந்தைக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வலக்கையைத் தோளுக்குச் சற்றுக் கீழே வரை தூக்குகிறார், ஆனால் தூக்கும்போதே முழங்கை மடங்கிக்கொள்கிறது. விரல்களை மூட முடிகிறது, திறக்க முடிவதில்லை. கையில் அணியும் ரோபோ கருவிகளையும் மோட்டார் பொருத்திய கையுறைகளையும் பற்றிப் படித்திருக்கிறீர்கள். அவற்றுள் ஒன்றை வாங்கினால் கை திரும்ப வருமா, எட்டு மாதம் கடந்துவிட்டதால் இனி முயன்று பயனில்லையா என்பதே நீங்கள் கேட்டது.

பக்கவாத மறுவாழ்வுச் சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுபவன் என்ற முறையில் முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட விரும்புகிறேன். 'கைக்கு உதவும் கருவி' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, அணிந்திருக்கும் நேரத்தில் கை செய்ய இயலாததைத் தானே செய்து தருவது. கழற்றியதும் கை பழைய நிலைக்கே திரும்பிவிடும். கண்பார்வைக்குக் கண்ணாடி எப்படியோ அப்படி. மற்றொன்று, கை தானாகச் செய்ய முயலும் முயற்சிக்கு இடம் கொடுத்து, அந்த முயற்சியை நூற்றுக்கணக்கான முறை திரும்பச் செய்ய வைத்து, கழற்றிய பிறகும் கையில் ஏதாவது மிஞ்சும்படி செய்வது. இரண்டும் தேவைப்படுபவை, இரண்டும் மதிப்புடையவை. ஆனால் முதல் வகையை வாங்கிவிட்டு இரண்டாம் வகையின் பலனை எதிர்பார்த்துக் காத்திருந்து மனம் உடைந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே எந்தக் கருவி சிறந்தது என்று தேடுவதற்கு முன், உங்கள் தந்தையின் கையில் இப்போது மிஞ்சியிருப்பது என்ன என்பதைத் துல்லியமாக அறிந்துகொள்வது அவசியம். நீங்கள் எழுதியிருக்கும் சில வரிகளிலேயே அதற்கான முக்கியமான தடயங்கள் இருக்கின்றன.

தூக்கினால் முழங்கை மடங்குவதும், மூட முடிந்த விரல்கள் திறக்க மறுப்பதும் வெறும் பலவீனம் அல்ல. மூளையின் மேற்புறணியிலிருந்து முதுகுத்தண்டுக்கு நேராக இறங்கும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக அசைக்கும் நுணுக்கத்தை நமக்குத் தருவது பெரும்பாலும் அந்தப் பாதையே. பக்கவாதத்தில் அது சேதமடையும்போது, மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேறொரு பழைய பாதையை உடல் அதிகமாக நம்பத் தொடங்குகிறது. அந்தப் பாதைக்குத் தோளையும் முழங்கையையும் விரல்களையும் தனித்தனியே பிரித்து இயக்கத் தெரியாது. தோளைத் தூக்கும் கட்டளை போனால் முழங்கையை மடக்கும் தசைகளும் விரல்களை மூடும் தசைகளும் கூடவே விழித்துக்கொள்கின்றன. விரல்களை நீட்டும் தசைகளுக்கு அந்தப் பாதை தரும் பங்கு மிகக் குறைவு. குரங்குகளில் நடத்திய ஆய்வுகளிலும், மூளைச் சேதத்திற்குப் பின் இப்பாதை மடக்கும் தசைகளோடு தன் தொடர்பை வலுப்படுத்திக்கொண்டதே தவிர, நீட்டும் தசைகளோடு அவ்வாறு செய்யவில்லை. உங்கள் தந்தை விரலைத் திறக்க முயற்சி செய்யவில்லை என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம். அவர் எவ்வளவு கடினமாக முயல்கிறாரோ அவ்வளவு இறுக்கமாக அந்த விரல்கள் மூடிக்கொள்ளக்கூடும்.

இதிலிருந்து வரும் ஒரு செய்தி, கருவி வாங்குவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. மனிதனின் ஒரு கை முழுவதும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 3 கிலோ. நலமாக இருக்கும்போது இந்தச் சுமையை நாம் உணர்வதே இல்லை. பக்கவாதத்திற்குப் பிறகு, இந்த 3 கிலோவைத் தூக்கிப் பிடிப்பதற்காகத் தோள் செலவிடும் முயற்சியே முழங்கையையும் விரல்களையும் பூட்டிவிடுகிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் டெவால்ட் என்பவரும் அவரது குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் அளந்து காட்டியிருக்கிறார்கள். தோள் சுமக்க வேண்டிய எடையை அவர்கள் கூட்டக் கூட்ட, கை எட்டக்கூடிய பரப்பு சுருங்கியது. எடையைக் குறைத்தபோது அதே கை, அதே மனிதர், மேலும் தூரம் எட்டினார். தோளின் சுமை கூடக் கூட, விரல்களைத் திறக்கும் திறனும் குறைந்தது.

இதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். தந்தையை மேசைக்கு முன் நன்றாக நிமிர்ந்து அமர வைத்து, வலது முன்கைக்கு அடியில் வழுக்கும் துணி ஒன்றை விரித்து, கையை மேசையிலேயே கிடத்தியபடி முன்னோக்கித் தள்ளச் சொல்லுங்கள். முழங்கை எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். பிறகு அதே நிலையில் விரல்களை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். அடுத்து, வலி இல்லாத உயரத்திற்குக் கையைக் காற்றில் தூக்கிக்கொண்டு அதே இரண்டையும் செய்யச் சொல்லுங்கள். மேசையின் மீது முழங்கை நீண்டு, விரல்கள் சிறிதளவாவது பிரிந்து, காற்றில் தூக்கியதும் அவை இரண்டும் மறைந்துபோனால், அவருடைய கையில் இன்னும் திறன் இருக்கிறது, எடைக்குக் கீழே அது புதைந்து கிடக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட கைக்கு விரல்களை இழுத்துத் திறக்கும் விலையுயர்ந்த கையுறையைவிட, தோளின் சுமையைத் தாங்கிக்கொள்ளும் எளிய கருவி அதிகம் பயன்படலாம். மேசையின் மீதும் எதுவும் மாறவில்லை என்றால் நாம் பேச வேண்டியது வேறு.

எடையைத் தாங்கும் கருவிகளின் வரலாறு ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்குகிறது. தசைநலிவு நோயுள்ள குழந்தைகள் தாங்களே உணவை வாய்க்குக் கொண்டுபோவதற்காக, தாரிக் ரஹ்மான் என்னும் பொறியாளர் சுருள்வில்களையும் ரப்பர் பட்டைகளையும் கொண்டு 'ரெக்ஸ்' என்ற எளிய கைத்தாங்கியை உருவாக்கினார். அதில் மோட்டார் இல்லை. வில்லின் இழுவிசை கையின் எடையை ஈடுசெய்யும். அசைப்பது முழுவதும் குழந்தையின் சொந்த முயற்சி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டேவிட் ரெயின்கென்ஸ்மேயர் குழுவினர் அதைப் பக்கவாத நோயாளிகளுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அதன் வழிவந்ததுதான் இன்று பல மறுவாழ்வு மையங்களில் காணப்படும் 'ஆர்மியோஸ்பிரிங்'. அது தரையில் நிற்கும் பெரிய சட்டம் என்பதால் அணியும் கருவி என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் கருத்து எளிமையானது, வலுவானது.

அதே வேலையை உடையாகவே செய்யும் முயற்சி இப்போது நடக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கானர் வால்ஷ் தலைமையிலான குழு, மேற்சட்டை போன்ற ஓர் உடையில் அக்குளின் கீழ் துணியாலான பலூனைத் தைத்து, அதில் காற்றை நிரப்பி மேற்கையைக் கீழிருந்து தாங்கும்படி செய்திருக்கிறது. காற்று இறங்கிவிட்டால் அது சாதாரணத் துணிதான். இரும்புச் சட்டத்தின் பாரம் இல்லை. இதில் கடினமான பகுதி தூக்குவது என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் இறக்குவதும் அதே அளவு கடினம். தூக்கும்போது உதவிய காற்று, கையை இறக்க விரும்பும்போதும் அங்கேயே நின்றால், பலவீனமான அந்தக் கை பலூனை எதிர்த்து அழுத்த வேண்டியதாகிவிடும். தூக்க நினைக்கிறாரா, பிடித்திருக்க நினைக்கிறாரா, இறக்க நினைக்கிறாரா என்பதை, சீரற்ற அசைவுகள் உள்ள ஒருவரிடம் கருவி கண்டுகொள்வது எளிதல்ல. 2025-இல் அக்குழு வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவரின் அசைவுப் பாங்கையும் அவரிடமிருந்தே கற்றுக்கொள்ளும் கணினி முறையையும், அந்தந்தத் தருணத்தில் எவ்வளவு காற்றழுத்தம் தேவை என்று கணிக்கும் இயற்பியல் மாதிரியையும் இணைத்து இச்சிக்கலை அணுகினார்கள். பங்கேற்றவர்கள் பக்கவாதமோ ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோயோ உள்ள ஒன்பது பேர் மட்டுமே. ஆகவே இதை நாளை வாங்கக்கூடிய பொருளாக எண்ண வேண்டாம். ஆனால் இத்துறை சரியான திசையில் யோசிக்கத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம் என்பது என் கருத்து.

தோளைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை சொல்லாமல் விரல்களுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. தோள் என்பது கதவின் கீல் போல ஒரே அச்சில் சுழலும் மூட்டு அல்ல. கையை முழுவதும் மேலே தூக்கும் 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகை தோள் மூட்டிலும், 60 பாகை முதுகின் மேல் தோள்பட்டை எலும்பு சுழல்வதாலும் கிடைக்கிறது. பக்கவாதத்திற்குப் பிறகு தோள்பட்டை எலும்பு பெரும்பாலும் உடன்வருவதில்லை. அந்நிலையில் வெளியிலிருந்து ஒரு கருவியோ, அன்பு மிகுந்த ஓர் உறவினரோ மேற்கையை மட்டும் மேலே தள்ளினால், நடுவில் இருக்கும் தசைநாண்கள் நசுங்கி வலி தொடங்குகிறது. சிலருக்குத் தோள் மூட்டு சற்றுக் கீழிறங்கியும் இருக்கும். தோள்வலி வந்த கையை அதன் உரிமையாளரே பயன்படுத்த அஞ்சுவார், அந்த அச்சம் பல மாத முன்னேற்றத்தை விழுங்கிவிடும். எனவே தோளைத் தொடும் எந்தக் கருவியையும் இயன்முறை மருத்துவர் நேரில் பார்த்துப் பொருத்தாமல் தொடங்காதீர்கள்.

இனி விரல்கள். மூட முடிகிறது, திறக்க முடிவதில்லை என்ற நிலைக்கென்றே வடிவமைக்கப்பட்ட மிக எளிய கருவி, வில்களால் இயங்கும் கைப்பட்டை. 'சேபோஃபிளெக்ஸ்' என்பது இதில் அதிகம் அறியப்பட்டது. மின்சாரம் கிடையாது. விரல் நுனிகளைச் சிறு தொப்பிகளில் பிணைத்து, வில்கள் விரல்களைத் திறந்த நிலைக்கு இழுத்து வைக்கும். அணிந்தவர் தன் வலிமையால் மூடி ஒரு பந்தைப் பிடிப்பார். பிடியைத் தளர்த்தியதும் வில் விரல்களைத் திறந்துவிடும். இங்கே தளர்த்துவதுதான் பயிற்சி. மூடிய பிடியை விருப்பப்படி விடுவதற்கு மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, கருவி அதற்கு நூறு வாய்ப்புகளைத் தருகிறது. உங்கள் தந்தைக்கு விரல்களை மூடும் வலிமை இருப்பதால் இந்த வகையைச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். ஆனால் வில் இழுக்கும் அளவுக்கு மூட்டுகள் நெகிழ்வாக இருக்க வேண்டும். விரல்கள் ஏற்கனவே நிரந்தரமாகச் சுருங்கிவிட்டிருந்தால் இது பொருந்தாது.

அடுத்தது மின் தூண்டல். பக்கவாதத்தில் பழுதுபடுவது மூளை. முதுகுத்தண்டிலிருந்து தசைக்குச் செல்லும் நரம்பும், தசையும் நலமாகவே இருக்கின்றன. எனவே முன்கையின் மேற்புறத்தில் மின்முனைகளை வைத்து, வினாடிக்கு 20 முதல் 50 முறை சிறு மின்துடிப்புகளைச் செலுத்தினால், மூளையின் கட்டளை வராமலேயே விரல்கள் திறக்கும். மின்முனைகளைச் சரியான இடத்தில் உள்ளே பதித்து, முன்கையிலும் மணிக்கட்டிலும் கவ்விக்கொள்ளும் உறை வடிவில் 'எச்200' போன்ற கருவிகள் வந்துள்ளன. பல மாதங்களாகத் திறக்காத தன் விரல்கள் திறப்பதை முதன்முறை பார்க்கும் ஒருவரின் முகத்தை மறப்பது கடினம். ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. உடல் இயல்பாகத் தசையை இயக்கும்போது சிறிய, எளிதில் களைக்காத இழைகளை முதலில் அழைக்கும். மின்சாரத்திற்கு அந்த ஒழுங்கு இல்லை என்பதால் தசை விரைவில் சோர்ந்துவிடும். மேலும், மின்சாரம் திறக்கும் அதே நொடியில் நோயாளியும் திறக்க முயல வேண்டும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால், தசை பயிற்சி பெறலாம், மூளைக்குப் போவது மிகக் குறைவு. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரின் அனுமதியின்றி இதைத் தொடவே கூடாது.

மோட்டார் அல்லது காற்றழுத்தத்தால் இயங்கும் கையுறைகளைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் படித்திருப்பீர்கள். விரல்களின் மேல் ஓடும் மெல்லிய இழைகளையோ குழாய்களையோ கொண்டு அவை விரல்களை மடக்கி நீட்டுகின்றன. இணையத்தில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும், பொத்தானை அழுத்தியதும் விரல்களை ஒரே வேகத்தில் திறந்து மூடிக்கொண்டே இருப்பவை. மூட்டுகள் இறுகாமல் இருக்க அவை ஓரளவு உதவலாம். அணிந்திருப்பவர் என்ன நினைக்கிறார் என்பது அவற்றுக்குத் தெரியாது என்பதால், அவற்றிலிருந்து கை மீளும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பக்கவாதத்தின் தசை இறுக்கத்திற்கு ஒரு குணமும் உண்டு: எவ்வளவு வேகமாகத் தசையை நீட்டுகிறோமோ அவ்வளவு வலுவாக அது எதிர்க்கும். வேகமாக இழுக்கும் கையுறை, தான் வெல்ல வந்த இறுக்கத்தைத் தானே தூண்டிவிடுகிறது.

அணிபவரின் எண்ணத்தைக் கேட்டு இயங்கும் கருவிகள் வேறு தரம். தசை சுருங்கும்போது தோலின் மேல் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும்; மைக்ரோவோல்ட் அளவிலிருந்து சில மில்லிவோல்ட் வரை. கை அசையாத அளவுக்குப் பலவீனமான சுருக்கத்தில்கூட இந்தச் சைகை இருக்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப நிறுவனத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து உருவான 'மையோப்ரோ' என்னும் கைச்சட்டம் இந்தச் சைகையைப் படித்து, முழங்கையையும் பிடியையும் மோட்டாரால் நிறைவு செய்கிறது. அது தசைக்குள் மின்சாரம் செலுத்துவதில்லை, கேட்பது மட்டுமே. என் மதிப்பீட்டில் இது பெரும்பாலும் முதல் வகைக் கருவி, அதாவது அணிந்திருக்கும்போது இரு கையாலும் ஒரு பெட்டியைத் தூக்கவும், ஒரு புட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் திறக்கவும் வழி செய்வது. அதுவே ஒருவரின் நாளை மாற்றிவிடக்கூடும் என்பதால் நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பல நோயாளிகளிடம் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. அப்போது கருவிக்கு இரண்டு எதிரெதிரான கட்டளைகள் ஒன்றாகப் போய்ச் சேர்கின்றன. சைகை தெளிவாகப் பிரிகிறதா என்பதை வாங்குமுன் நேரில் சோதிக்காமல் அறிய முடியாது. கருவியின் எடையும் அதே பலவீனமான தோளின் மேல்தான் ஏறும் என்பதையும் மேலே சொன்ன எடைக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

தசையிலும் சைகை கிடைக்காதவர்களுக்கு, தலையில் அணியும் மின்முனைகளால் மூளையின் அலைகளைப் படித்துக் கையைத் திறக்கும் 'இப்சிஹேண்ட்' என்ற கருவிக்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-இல் அனுமதி அளித்தது. பாதிக்கப்படாத மறுபக்க மூளையில் எழும் சைகையை அது பயன்படுத்துவது குறிப்பிடத்தக்கது. உங்கள் தந்தையின் நிலையில் இது முதல் தேர்வாக இருக்காது.

இத்தனைக்கும் சான்று எவ்வளவு இருக்கிறது? நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடம் இது. மிகப் பெரிய சோதனைகள் அணியும் கருவிகளைக் கொண்டு நடத்தப்படவில்லை. மேசையோடு பொருத்திய 'எம்.ஐ.டி. மேனஸ்' வகை ரோபோக்களைக் கொண்டே நடந்தன. 2010-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், பக்கவாதம் வந்து 6 மாதத்திற்கு மேலான 127 பேர் பங்கேற்றார்கள். 12 வாரங்களில் 36 அமர்வுகள் முடிந்தபோது வழக்கமான கவனிப்பைவிட ரோபோ தெளிவான மேன்மை காட்டவில்லை. 36-ஆம் வாரத்தில், கையின் இயக்கத்தை மதிப்பிடும் 66 மதிப்பெண் கொண்ட ஃபூகல்-மேயர் அளவையில் ரோபோக் குழுவுக்கு 2.88 மதிப்பெண் கூடுதலாக இருந்தது. அன்றாட வாழ்வில் உணரத்தக்க மாற்றத்திற்கு ஏறத்தாழ 5 மதிப்பெண் தேவை என்று பொதுவாகக் கொள்கிறோம். அதே அளவு தீவிரமாக ஒரு சிகிச்சையாளர் கையாலேயே பயிற்சி அளித்த குழுவும் ரோபோவுக்குப் பின்தங்கவில்லை. 2019-இல் பிரிட்டனில் 770 பேரைக் கொண்டு நடந்த 'ரட்டுல்ஸ்' சோதனையில், ரோபோப் பயிற்சி கையின் செயல்திறனை வழக்கமான கவனிப்பைவிட மேம்படுத்தியதாக நிறுவ முடியவில்லை. மறுபுறம், 2018-இல் 45 சோதனைகளையும் 1,619 பேரையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பு, இயந்திர உதவியுடன் கூடிய பயிற்சியால் கையின் வலிமையும் செயலும் அன்றாடச் செயல்பாடும் மேம்படுவதாகக் கண்டது. எந்த அளவு மேம்பாடு ஒரு தனிமனிதருக்குப் பொருள் தரும் என்பதுதான் இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி.

இந்த முடிவுகளைப் படித்துவிட்டுக் கருவிகளே வீண் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு: இயந்திரத்துக்கென்று தனி மந்திரம் இல்லை, பயிற்சியின் அளவும் முயற்சியின் உண்மையும்தான் வேலை செய்கின்றன. மனித மூளை சிக்கனமானது. கருவி முழுவதும் செய்து தருகிறது என்று தெரிந்த சில நிமிடங்களிலேயே தன் பங்கை அது குறைத்துக்கொள்ளும் என்று ரெயின்கென்ஸ்மேயரின் ஆய்வுகளே காட்டியுள்ளன. ஆகவேதான் நல்ல கருவிகள், தேவைப்படும் அளவுக்கு மட்டும் உதவி, கை தேறும்போது உதவியைக் குறைக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. உதவியைக் குறைக்க வழியில்லாத கருவியைப் பயிற்சிக்காக வாங்காதீர்கள்.

எட்டு மாதம் என்பதைப் பற்றிய உங்கள் அச்சத்திற்கு வருகிறேன். தானாக நிகழும் மீட்சி முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதற்குப் பிறகு கதவு அடைந்துவிடுகிறது என்பது உண்மை அல்ல. இலண்டனில் நிக் வார்டு தலைமையிலான குவீன் ஸ்கொயர் திட்டத்தில், பெரும்பாலும் ஆறு மாதத்தைக் கடந்தவர்களான 224 பேருக்கு மூன்று வாரங்களில் 90 மணி நேரம் கைக்கான சிகிச்சை அளித்தபோது, மேலே சொன்ன 5 மதிப்பெண்ணைத் தாண்டிய முன்னேற்றம் கிடைத்தது. ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. அந்த 90 மணி நேரத்தை, சாதாரணச் சிகிச்சையில் நடப்பதோடு ஒப்பிடுங்கள். கேத்தரின் லாங் குழுவினர் 2009-இல் எண்ணிப் பார்த்தபோது, கைக்கான செயல்பயிற்சி நடந்த அமர்வுகளில் சராசரியாக 32 முறை மட்டுமே கை அந்த அசைவைச் செய்தது. விலங்குகளின் மூளையில் மாற்றம் கண்ட ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை பயிற்சி தரப்பட்டிருந்தது. 32-ஐ 300 ஆக்குவதற்கு ஒரு கருவி உதவுமானால், அதுவே அதை வாங்கப் போதுமான காரணம்.

இந்த இடத்தில், கையை அசைக்கவே உதவாத ஓர் அணிகருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைக்கடிகாரம் போன்ற அசைவுமானிகளை இரு மணிக்கட்டிலும் கட்டி, நாள் முழுவதும் எந்தக் கை எவ்வளவு அசைந்தது என்று பதிவு செய்யலாம். சிகிச்சை அறையில் நன்றாக அசையும் கை, வீட்டில் மடியிலேயே கிடப்பதை இவை அடிக்கடி காட்டிக்கொடுக்கின்றன. தொடர்ந்து தோற்ற கையைப் பயன்படுத்தாமலிருக்க மூளை கற்றுக்கொள்வதை எட்வர்டு டாப் என்ற ஆய்வாளர் விளக்கினார். அதன் அடிப்படையில், நலமான கையை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி உறைக்குள் வைத்துவிட்டுப் பலவீனமான கையைப் பயன்படுத்த வைக்கும் முறை பிறந்தது. 2006-இல் வெளியான 'எக்ஸைட்' சோதனை, பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் இது பயனளிப்பதைக் காட்டியது. ஆனால் மணிக்கட்டையும் சில விரல்களையும் குறைந்தது 10 பாகையாவது தானாக நீட்ட முடிந்தவர்களுக்கே அது உரியது. உங்கள் தந்தை இப்போது அந்த வரம்புக்கு வெளியே இருக்கிறார். மேசைச் சோதனையில் விரல்கள் பிரிந்தால், அந்த வரம்பை எட்டுவதையே முதல் இலக்காக வைக்கலாம். வில் கைப்பட்டையோ மின் தூண்டலோ அதற்கான படியாக அமையும்.

எந்தக் கருவிக்கும் முன்பாகச் சரிசெய்ய வேண்டியவை சில உண்டு. விரல்களும் மணிக்கட்டும் மிக இறுக்கமாக இருந்தால், மடக்கும் தசைகளில் போட்டுலினம் ஊசி போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி தானாகக் கையை இயக்கிவிடாது, ஆனால் இறுக்கம் தளரும் சில மாதங்கள் பயிற்சிக்குப் பொன்னான காலம். கையில் தொடு உணர்வு எவ்வளவு இருக்கிறது என்றும் கண்ணை மூடச் சொல்லிச் சோதியுங்கள். உணர்வு குறைந்த தோலில் பட்டையின் அழுத்தம் வலிக்காமலேயே புண்ணாக்கும். கருவியைக் கழற்றிய அரை மணி நேரத்திற்குப் பிறகும் சிவந்த தடம் மறையாமல் இருந்தால், பொருத்தம் சரியில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, கருவியைத் தேர்ந்துவிட்ட பிறகு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது. விற்பவர் அணிவித்துக் காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பயிற்சி பெற்ற இரு கைகள் அணிவிக்கும்போது எல்லாக் கருவியும் எளிதாகவே தோன்றும். தந்தையே, தன் இடக்கையால் மட்டும், நீங்கள் தொடாமல், அதை அணிந்து கழற்றும்படி கேளுங்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். மூடிய விரல்களை ஒரே கையால் கையுறைக்குள் நுழைப்பதே பலருக்கு முடியாத வேலை. அவரால் முடியாவிட்டால், நாள்தோறும் அவருக்கு அணிவிக்க வீட்டில் ஒருவர் உண்மையிலேயே இருப்பாரா என்று யோசியுங்கள். இரண்டு வாரமாவது வாடகைக்கோ சோதனைக்கோ தரும்படி கேளுங்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் அணிந்தார், எத்தனை முறை தானாக முயன்றார், தோளில் வலி வந்ததா என்று ஒரு தாளில் குறித்து, மேசைச் சோதனையில் நீங்கள் கண்டதோடு சேர்த்து அவருடைய சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் சொல்லும் பதில், உங்கள் தந்தையின் கையைப் பாராமல் நான் எழுதும் எதையும்விடத் துல்லியமாக இருக்கும்.